முன்சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தீர்களா?

"விபத்துக்கு வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணம் அல்ல." மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் அறிக்கையின் கடைசி வரி பெரும்பாலும் இதுதான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 136-ஆவது பிரிவில், விபத்தில் சிக்கிய வண்டியை ஆய்வு செய்ய அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆய்வு காவல் நிலைய வளாகத்தில், வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கும் வண்டிகளுக்கு நடுவே நடக்கும். பிரேக் பிடிக்கிறதா, டயரில் பட்டன் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். ஓடும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறு, நிற்கிற வண்டியில் அப்படிச் சுலபமாகத் தெரிந்துவிடாது. காங்கேயம் பக்கத்துப் பால்காரர் ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கட்டிலும் அந்த வரி இருந்தது. வழக்கு முழுவதையும் அந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் நடத்த வேண்டியிருந்தது.

அவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சொந்தமாக நான்கு மாடுகள். விடியற்காலையில் கறந்து, நூறு சிசி வண்டியின் இரண்டு பக்கமும் கேன்களை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் ஊற்றுவார். ஒரு நாள் காலை லேசான வளைவு ஒன்றில் ஹேண்டில் அவர் கையில் நிற்காமல் ஆடியிருக்கிறது. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து சறுக்கி, ஓரமாக நடந்துபோன ஒரு பாட்டியின் காலில் உரசி நின்றது. பாட்டிக்கு முழங்காலில் சிராய்ப்பு. இவருக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கையால் கறக்கிற மனிதருக்கு வலது மணிக்கட்டுதான் பிழைப்பு.

காவல் நிலையத்தில், அப்போது நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337 பிரிவுகளில் இவர் மேலேயே வழக்கு. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து நிலைதடுமாறி" என்ற வழக்கமான வாசகம். முதல் பிரிவுக்கு அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய், இரண்டாவதற்கு 500 ரூபாய். இப்படிப்பட்ட வழக்குகளில் முக்கால்வாசிப் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவரிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"பைசா பெருசில்லீங்க வக்கீல் சார். வேகமாப் போனேன்னு நான் எப்படீங்க ஒத்துக்கறது? பால் கேனை மாட்டிக்கிட்டு எவனாச்சும் வேகமாப் போவானுங்களா?"

சொல்லிவிட்டு ஒரு துணிக்கடைப் பையிலிருந்து மூன்று ரசீதுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றும் ஒரே சர்வீஸ் சென்டரில் போட்டவை, தயாரிப்பு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற இடம். மூன்று ஜாப் கார்டிலும் வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் ஏறக்குறைய ஒரே வார்த்தைகள் இருந்தன: முன்பக்கம் சத்தம், ஹேண்டில் ஆட்டம். முதல் தடவை ஃபோர்க் ஆயிலையும் ஆயில் சீலையும் மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை முன் பிரேக் ஷூ. மூன்றாவது தடவை "கோன்செட் டைட் செய்தது" என்று கூலி மட்டும். மூன்றாவது ரசீதின் தேதிக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் விபத்து.

எங்கள் ஊரில் பல வருடமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் அந்த ரசீதுகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் மாத்தியிருக்காங்க, பாக்கத்தான் இல்லீங்க" என்றார். வழக்கின் சாரம் எனக்கு அந்த நிமிடமே கிடைத்துவிட்டது. நட்டு லூஸாக இருந்தது என்பது மட்டும் சேவைக் குறைபாடு ஆகாது. ஓடுகிற வண்டியில் நட்டு லூஸாவது இயல்பு. புகார் மூன்று முறை எழுத்தில் இருந்தும், எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடச் சோதனையைக்கூடச் செய்யாமல் பாகங்களை மாற்றிப் பணம் வாங்கியதுதான் குறைபாடு. அதை நிரூபிக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது, சாட்சியம் வண்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கும்வரை.

அதனால் காவல் நிலையத்திலிருந்து வண்டியை மீட்ட கையோடு நான் சொன்ன முதல் விஷயம், ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது என்பது. அவர் மகனுக்கு அதில் வருத்தம். வண்டியைச் சரிபண்ணினால் தானாவது பால் ஊற்றப் போகலாமே என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஸ்பேனர் பட்ட மறு நிமிடம், அந்த மூட்டு விபத்தன்று எப்படி இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. வண்டி மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் போனது. அவன் பக்கத்து வீட்டு வண்டியை இரவல் வாங்கி ஓட்டினான்.

எங்கே வழக்குப் போடுவது என்பதில் குழப்பம் இல்லை. சொந்த வண்டியில் தானே விழுந்தவருக்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழி கிடையாது; நிங்கம்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவரே உரிமையாளரின் இடத்தில்தான் நிற்கிறார், மூன்றாம் தரப்பு ஆகமாட்டார் என்று சொல்லிவிட்டது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, அப்போது நடைமுறைக்கு வந்திருந்தது (20 ஜூலை 2020 முதல்). கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் எதுவும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேர்க்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் சேர்க்கவில்லை. வண்டி உருவான விதத்தில் குறை இல்லை, பார்த்த விதத்தில்தான் குறை. இருக்கிற எல்லோரையும் எதிர்தரப்பாக்கினால் நம் குற்றச்சாட்டே கலங்கிப்போகும் என்பது என் எண்ணம்.

வண்டியை ஆய்வு செய்யக் கேட்ட எங்கள் மனுவை மாவட்ட ஆணையம் ஏற்று, ஓர் இளம் பெண் வழக்கறிஞரை ஆணையராக நியமித்தது. நிபுணராக அரசு பாலிடெக்னிக் ஒன்றின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியர். எதிர்தரப்பின் ஒர்க்ஸ் மேனேஜரும் அவர்கள் வழக்கறிஞரும் வந்தார்கள். பாலிடெக்னிக் ஒர்க்ஷாப்பில் தார்ப்பாயை அவிழ்த்தோம். கழற்றி மாட்ட எங்கள் மெக்கானிக் அண்ணனை நிபுணர் உதவிக்கு வைத்துக்கொள்ள இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம்.

ஒர்க்ஸ் மேனேஜர் முந்திக்கொண்டு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். டொக்கென்று சத்தம் வந்தது. "பாருங்க, இது பிரேக் பிளேட் சத்தம். அதனாலதான் ஷூ மாத்தினோம்" என்றார். நிபுணர் அவரை நிதானமாகக் கையமர்த்தினார். டிரம் பிரேக் வண்டியில் பிரேக் பிளேட்டின் பள்ளம் ஃபோர்க் காலில் உள்ள மேட்டில் உட்கார்ந்திருக்கும். அங்கே சின்ன இடைவெளி இருந்தாலும் பிரேக் பிடித்து ஆட்டும்போது அதே சத்தம் வரும். ஆகவே பிரேக்கைப் பிடித்துச் செய்கிற சோதனை, சத்தம் இருக்கிறது என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. பிரேக்கின் கதையை முதலில் விலக்க வேண்டும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கினார்கள். நிபுணர் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க் கால்களின் அடிப்பகுதியையும் இரு கைகளால் பிடித்து, தன் பக்கம் இழுத்துத் தள்ளினார். பிரேக்கை யாரும் தொடவில்லை. சத்தம் வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

மெக்கானிக் அண்ணன் ஆணையரிடம், "அம்மணி, இங்க விரல வெச்சுப் பாருங்க" என்றார். சேஸின் கழுத்துக் குழாய் முடிந்து கீழ் டி-ஸ்டெம் தொடங்கும் இடம் அது. பாதி விரல் குழாயிலும் பாதி விரல் ஸ்டெம்மிலும் படும்படி வைக்கச் சொன்னார். நிபுணர் மறுபடி இழுத்தார். ஆணையர் சட்டென்று விரலை எடுத்துவிட்டு, திரும்ப வைத்தார். "நகருது சார். ரெண்டும் தனித்தனியா நகருது." அடுத்து அதே விரலை ஃபோர்க் பைப் பாட்டத்துக்குள் இறங்கும் ஆயில் சீல் வாயில் வைத்துப் பார்த்தார். அங்கே அசைவில்லை. பிறகு சக்கரத்தை இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்தார்கள். வீல் பேரிங்கிலும் ஆட்டம் இல்லை. பிரேக் பிளேட்டில் மட்டும் கொஞ்சம் இடைவெளி இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதிக்கொண்டார்கள். நான்கு இடங்களையும் தனித்தனியாகச் சோதித்து முடிக்கப் பெரிய நேரம் ஆகவில்லை. விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆணையர் தன் கைப்பட எழுதிய குறிப்பில் "என் விரலால் உணர்ந்தேன்" என்ற வார்த்தைகள் இருந்தன. நூறு பக்கப் பிரமாணப் பத்திரத்தைவிட அந்த மூன்று வார்த்தைக்கு நான் அதிக மதிப்புத் தருவேன்.

அடுத்து ஹேண்டிலை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார் நிபுணர். இடது கோடியிலிருந்து நகர்ந்து வந்த ஹேண்டில், நேராக வரும் இடத்தில் எதிலோ விழுந்ததுபோல் நின்றது. அங்கிருந்து நகர்த்தக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. கழற்றிய பிறகு காரணம் தெரிந்தது. இந்த வகை வண்டிகளில் கழுத்துக் குழாயின் மேலும் கீழும் கிண்ணம் போன்ற தடங்களும், அவற்றில் உருளும் இரும்புக் குண்டுகளும்தான் ஹேண்டிலைத் தாங்குகின்றன, அதுதான் கோன்செட். கீழ்த் தடத்தில் குண்டுகள் உட்காரும் இடமெல்லாம் பல்லாங்குழிபோல் வரிசையாகக் குழி விழுந்திருந்தது. கிரீஸ் காய்ந்து கட்டியாகி, அதில் செம்பழுப்புத் தூள் கலந்திருந்தது. மேலே, ஆட்டத்தைச் சரிசெய்கிற ரிங் நட்டின் காடிகளில் உளியை வைத்துச் சுத்தியால் தட்டிய தழும்புகள். அதைத் திருப்ப சி-ஸ்பேனர் என்ற கொக்கிச் சாவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தவில்லை என்பது கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

எதிர்தரப்பு வழக்கறிஞர் திறமையானவர். அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்: இந்த ஆட்டமும் குழிகளும் விபத்தின் அதிர்ச்சியால் ஏற்பட்டவை, விபத்துக்கு முன்னால் இருந்தவை அல்ல. நான் எதிர்பார்த்த வாதம்தான். வழக்கு நிற்பதும் விழுவதும் அதற்கான பதிலில்தான் இருந்தது.

நிபுணர் ஃபோர்க் பைப்புகளைக் கழற்றி, வி-பிளாக்கில் வைத்துச் சுழற்றி, டயல் கேஜில் பார்த்தார். இரண்டும் நேராக இருந்தன. ரிம்மும் வளையவில்லை. கடினப்படுத்திய எஃகுத் தடத்தில் ஒரே அடியில் குழி பறிக்கும் அளவுக்குச் சக்கரத்தில் மோதல் விழுந்திருந்தால், ஃபோர்க் பைப்போ ரிம்மோ சேதமாகாமல் இருந்திருக்காது. இந்த வண்டி எதிலும் நேருக்கு நேர் மோதவும் இல்லை. பக்கவாட்டில் சாய்ந்து சறுக்கியிருக்கிறது. ஹேண்டில் முனையிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் இருந்த உரசல்களே அதற்குச் சாட்சி. குழிகள் இருந்ததோ ஹேண்டில் நேராக நிற்கும் நிலைக்குரிய இடத்தில். நேராக ஓடிக்கொண்டே வேகத்தடையிலும் பள்ளத்திலும் ஆயிரக்கணக்கான முறை இடி வாங்கியதன் அடையாளம் அது. அந்தச் செம்பழுப்புத் தூள், இறுக்கமில்லாத இரும்பும் இரும்பும் நாள்கணக்கில் ஒன்றையொன்று நுணுக்கமாக உரசித் தின்றால் வருவது. ஒரு நாள் காலையில் ஒரு சறுக்கலில் வராது. உளித் தழும்புகளுக்குள் எண்ணெய் அழுக்குப் படிந்திருந்ததையும் அவர் படமெடுத்து இணைத்தார்.

மூன்றாவது ரசீதை அவர் விளக்கிய விதம் எனக்கு இன்றும் வியப்பு. குழி விழுந்த கோன்செட்டை டைட் செய்து சரியாக்க முடியாது என்றார். குண்டுகள் குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஆட்டம் போகும் அளவுக்கு இறுக்கினால், ஹேண்டிலைத் திருப்பும்போது குண்டுகள் மேடேறி இறுகிப்போகும். திருப்பிய நிலையில் அளவு பார்த்து இறுக்கினால், நேராக வந்ததும் குண்டுகள் குழியில் இறங்கி மறுபடி ஆட்டம் வரும். இரண்டில் எது நடந்தாலும், லேசான வளைவில் ஹேண்டிலை நேரிலிருந்து கொஞ்சமே விலக்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் அது ஓட்டுபவரின் சொல்பேச்சைக் கேட்காது. பின்னால் பால் கேன்களின் எடை இருந்தால் முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து, ஆட்டம் இன்னும் சுலபமாகத் தொடங்கும். அதோடு மேல் லாக்நட்டைச் சரியாக இறுக்காததால், தட்டி உட்கார வைத்த ரிங் நட் மறுபடி தளர்ந்திருந்தது. ஆகவே மூன்றாவது முறை அவர்கள் சரியான மூட்டைத் தொட்டிருக்கிறார்கள். தொட்டும், உள்ளே திறந்து பார்க்கவில்லை. அவர்களுக்குக் கோளாறு தெரியாது என்று சொல்லும் வழியை அந்த ரசீதே அடைத்துவிட்டது.

கழற்றிய பாகங்களை முத்திரையிட்டு ஆணையம் வைத்துக்கொண்டது. வண்டியைச் சரிசெய்துகொள்ள அனுமதி கிடைத்தது. மெக்கானிக் அண்ணன் தன் பட்டறையில் புதுக் கோன்செட் போட்டபோது நானும் போய் நின்று பார்த்தேன், வாதத்துக்குத் தேவைப்படும் என்பதற்காக. பழைய தடங்களைச் சேஸிலிருந்து நேராகத் தட்டி எடுத்து, புதியவை கோணாமல் கடைசிவரை உட்கார்ந்தனவா என்று தட்டும் ஓசையை வைத்தே கண்டுகொண்டார். கிரீஸில் குண்டுகளை அடுக்கி, ஸ்டெம்மை ஏற்றி, ரிங் நட்டை சி-ஸ்பேனரால் முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலைப் பல தடவை இருபுறமும் திருப்பி, பிறகு தளர்த்தி, மறுபடி அளவாக இறுக்கினார். முன்சக்கரத்தைத் தூக்கிய நிலையில் ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினால், அது தன் எடையிலேயே ஒரு பக்கமாகப் போய் விழ வேண்டும். கீழே பிடித்து ஆட்டினால் அசைவு இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே சமயத்தில் அமைய வேண்டும். மேல் நட்டை இறுக்கியதும் அளவு மாறும் என்பதால், அதன் பிறகு இன்னொரு முறை சோதித்தார். கொஞ்சம் ஓடிய பின் குண்டுகள் தடத்தில் படிந்துவிடும், திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஆணையத்தில் விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களின் மேல்தான் நடக்கும். குறுக்கு விசாரணைக்குப் பதில் எழுத்து மூலம் வினாப்பட்டியல். என் பட்டியலின் முதல் கேள்வி: மூன்று முறையில் ஒரு முறையாவது முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சோதித்தீர்களா? "வழக்கமான முறையில் சோதிக்கப்பட்டது" என்று பதில் வந்தது. வழக்கமான முறை எது என்று துணைக்கேள்வி அனுப்பினேன். "ஓட்டிப் பார்த்தது" என்றார்கள். வண்டியோடு கொடுக்கப்படும் கையேட்டில் ஹேண்டில் பேரிங்கைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துச் சரிசெய்ய வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சான்றாவணமாகக் குறியீடு செய்தேன். சாதாரணத் திறமையுள்ள ஒரு மெக்கானிக் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல்; அந்த அளவை அவர்களுடைய நிறுவனத்தின் கையேடே எழுதி வைத்திருந்தது.

பால்காரர் வண்டியை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார், ஆகவே நுகர்வோர் அல்ல என்ற வாதமும் வந்தது. அதற்கு 1995-இல் வந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தீர்ப்பே போதும். சொந்த உழைப்பால் பிழைக்க ஆட்டோ வாங்கி ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று அதில் உதாரணம் காட்டியே சொல்லியிருக்கிறது. கடைசியாக, வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்று சொல்லி, மீனு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-இல் தந்த தீர்ப்பை எதிர்தரப்பு முன்வைத்தது. இயந்திரக் கோளாறைக் காரணம் காட்டுபவர், நியாயமான கவனம் எடுத்தும் அது கண்ணுக்குப் படாமல் மறைந்திருந்தது என்று காட்ட வேண்டும் என்கிறது அது. நான் அதே தீர்ப்பைத்தான் என் வாதத்துக்கும் எடுத்துக்கொண்டேன். ஒரு பால்காரர் எடுக்கக்கூடிய நியாயமான கவனம் எது? சத்தம் கேட்டதும் அங்கீகாரம் பெற்ற இடத்துக்குப் போவது, புகாரை எழுத வைப்பது, கேட்ட பணத்தைக் கட்டுவது, சத்தம் நிற்கவில்லை என்றால் மறுபடி போவது. இதை அவர் மூன்று முறை செய்திருக்கிறார். இதற்கு மேல் அவர் செய்யக்கூடியது, தானே சி-ஸ்பேனர் வாங்கிக் கழற்றிப் பார்ப்பதுதான். அதைச் சட்டம் அவரிடம் கேட்கவில்லை.

ஆணையம் எங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மூன்று ரசீதுத் தொகையும் வட்டியோடு, கைக்கு ஆன சிகிச்சைச் செலவு, கறக்க முடியாத மாதங்களின் வருமான இழப்பு, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனித் தொகை. ஹேண்டில் ஆட்டம் தெரிந்தும் முழுச் சுமையோடு ஓட்டியதற்காக வருமான இழப்பில் ஒரு பகுதியைக் கழித்தார்கள். சுமை இல்லாமல் அவருக்குப் பிழைப்பு இல்லை என்று நான் வாதாடினேன். ஆனாலும் நிபுணரே பின்பாரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கும்போது அந்தக் கழிவை அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குற்றவியல் நீதிமன்றத்தில் அந்தப் பாட்டியே அரசுத் தரப்புச் சாட்சி. "அவரு வேகமா வரலீங்க. வண்டிதான் தலைய ஆட்டிக்கிட்டே வந்துச்சு" என்று கூண்டில் நின்று சொல்லிவிட்டு இறங்கினார். ஆய்வாளரின் அறிக்கையையும் எங்கள் நிபுணரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நீதித்துறை நடுவர் பால்காரரை விடுதலை செய்தார்.

எதிர்தரப்பு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனது. மேல்முறையீடு செய்பவர் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும் என்பது 2019 சட்டத்தின் விதி. அதைக் கட்டினார்கள், மேல்முறையீடு தள்ளுபடியானது. கட்டியிருந்த தொகையை எடுக்க மனுப் போட்டோம், மீதிக்குக் காசோலை வந்தது. மணிக்கட்டு பழையபடி மடங்காததால், அவர் அந்தப் பணத்தில் ஒரு கறவை இயந்திரம் வாங்கிக்கொண்டார்.